சூழல் ஒலிப்பதிவு: புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மழை, ஓடை, தவளைக் கூட்டம், விடியற்காலைப் பறவைகள், ரயில் நிலையம், ஆளில்லாத மாடிப்படி என்று சுற்றியிருக்கும் ஒலிகளைப் பதிவு செய்யத் தொடங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். மைக்கை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடுகிறது, எடிட்டிங்கில் சரிசெய்ய முடிவது நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் இது பல இடத்தில் வரும்.

போன்லயே பதிவு பண்ணலாமா, ரெக்கார்டர் வாங்கியே ஆகணுமா?

போனிலேயே தொடங்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: போனோடு வரும் பதிவு ஆப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சத்தம் குறைந்தால் தானே ஏற்றிக்கொள்ளும், கூடினால் தானே இறக்கும், விடாமல் கேட்கும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். ஓடையும் மழையும் விடாமல் கேட்கும் ஒலிதானே, அதனால் நீங்கள் எதைப் பதிவு செய்யப் போனீர்களோ அதைத்தான் அது முதலில் அழிக்கும். இந்தத் தானியங்கி வேலைகளை அணைக்கவும், ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைலாகச் சேமிக்கவும் விடுகிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பதிவைத் தொடங்கும் முன் ஏரோப்ளேன் மோட் போட மறக்க வேண்டாம்.

கொஞ்ச நாள் பழகினாலே போன் எங்கே போதவில்லை என்பது தெரிந்துவிடும். சந்தை, கடல் அலை, ரயில் போன்ற சத்தமான இடங்களில் நன்றாகவே வரும். அமைதியான இடத்தில்தான் 'உஸ்' என்ற இரைச்சல் மேலே ஏறிவிடும். அந்த நிலைக்கு வந்த பிறகு ரெக்கார்டர் வாங்கினால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவீர்கள்.

எதைப் பதிவு பண்றதுன்னே தெரியல. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ரெக்கார்டரை வெளியே எடுக்காமல் ஓர் இடத்தில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஒலிச்சூழல் ஆய்வைத் தொடங்கிய மர்ரே ஷாஃபர் ஒலிகளை மூன்றாகப் பிரித்துக் கேட்கச் சொன்னார்: எப்போதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்து நாம் கவனிக்காமல் விடுவது, கவனத்தைப் பிடித்து இழுப்பது, அந்த இடத்துக்கே அடையாளமாக இருப்பது. அமெரிக்கப் பதிவாளர் பெர்னி க்ரௌஸ் வேறு மாதிரி பிரித்தார்: உயிரினங்கள் எழுப்புவது, காற்றும் நீரும் எழுப்புவது, மனிதர்கள் எழுப்புவது. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு கேட்டதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், எதைப் பதிவு செய்வது என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், புது இடம் தேடி அலைவதைவிட ஒரே இடத்துக்கு வேறு வேறு நேரத்தில் போவது நல்லது. அதிகாலையில் ஒரு மாதிரி, நடுப்பகலில் ஒரு மாதிரி, மழைக்குப் பின் இன்னொரு மாதிரி இருக்கும். அந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் காது பழகும்.

ரெக்கார்டர் வாங்குறப்போ எதைப் பார்க்கணும்?

பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காமல் மைக்கின் சுய இரைச்சல் எத்தனை டெசிபல் என்று பாருங்கள். எந்த மைக்கும் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் 'உஸ்' என்று இரையும், அதன் அளவு அது. காடு, இரவு, தூரத்துத் தவளைகள் என்று அமைதியான இடங்களில் பதிவு செய்ய ஆசை என்றால் 15 டெசிபலுக்குக் கீழே இருக்கட்டும். தெரு, கூட்டம், இயந்திரம் என்றால் 20-க்கு மேல் இருந்தாலும் கவலையில்லை, சுற்றுச் சத்தம் அதை மூடிவிடும். கையடக்க ரெக்கார்டர்களில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும் மைக்தான் பலவீனமான பகுதி. வெளி மைக் செருக வழி இருக்கும் ரெக்கார்டராகப் பார்த்து வாங்கினால் பின்னால் மைக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சின்ன எலெக்ட்ரெட் மைக்குகளுக்குச் சில வோல்ட் போதும், அதற்குப் ப்ளக்-இன் பவர் என்று பெயர். பெரிய மைக்குகளுக்கான ஃபான்டம் பவர் 48 வோல்ட். சின்ன மைக்கை உரிய அடாப்டர் இல்லாமல் 48 வோல்ட்டில் செருகினால் மைக் கெட்டுப் போகலாம். வாங்கும்போதே எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

44.1, 48, 96, 16 பிட், 24 பிட்... எதை வைக்கிறது?

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். இதை வைத்துவிட்டு மறந்துவிடலாம். கிலோஹெர்ட்ஸ் என்பது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது, பிட் என்பது ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது. மனிதக் காது கேட்பது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், பதிவாகும் உச்ச அலைவரிசை நாம் வைக்கும் கிலோஹெர்ட்ஸ் எண்ணில் பாதி, ஆகவே 48 தாராளம். வீடியோவோடு சேர்க்கவும் இதுதான் வசதி. ஒலியை மெதுவாக்கி, கனமாக்கிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் 96-க்குப் போங்கள், பாதி வேகத்தில் ஓட்டும்போது மேல் பகுதி வெறுமையாக இருக்காது (மைக்கும் அந்த உயரத்தைப் பிடிக்க வேண்டும்).

48/24 ஸ்டீரியோ மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும், 96-ல் அதைப் போல இரண்டு மடங்கு.

கெயின் எவ்வளவு வைக்கணும்? மீட்டர் பாதிக்குக் கூட வர மாட்டேங்குதே!

மைக்கிலிருந்து வரும் ஒலியை ரெக்கார்டர் எவ்வளவு ஏற்றிக்கொள்கிறது என்பதுதான் கெயின், அந்த அளவைக் காட்டுவது மீட்டர். அது பாதிக்கு வராமல் இருப்பதில் தப்பில்லை. அமைதியான இடம் மீட்டரிலும் அமைதியாகத்தான் தெரியும். 24 பிட்டில் பதிவு செய்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். திடீரென்று வரக்கூடிய ஒலி எது என்று முதலில் யோசியுங்கள்: பக்கத்தில் ஒரு பறவை கத்தலாம், கதவு அடிக்கலாம், இடி இடிக்கலாம். அந்த உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை (மேல் எல்லை 0) ஒட்டி நிற்கும்படி வைத்தால் பாதுகாப்பு. இடியைப் பதிவு செய்கிறீர்கள் என்றால் இன்னும் இறக்கி வையுங்கள். மேல் எல்லையைத் தாண்டி க்ளிப் ஆன ஒலி கிழிந்த மாதிரி கேட்கும், அதை முழுசாக மீட்க வழியில்லை.

அதற்காக ரொம்பவும் இறக்கி வைக்காதீர்கள். பல சின்ன ரெக்கார்டர்களில் கெயினைக் கீழே வைத்துப் பிறகு கணினியில் ஏற்றினால் ரெக்கார்டரின் சொந்த இரைச்சலும் கூடவே ஏறும். ஆட்டோ கெயின் இருந்தால் அணைத்துவிடுங்கள், காரணம் போன் பற்றிய பதிலிலேயே இருக்கிறது.

32 பிட் ஃப்ளோட் இருந்தா கெயினே பார்க்க வேண்டாம்னு சொல்றாங்க, உண்மையா?

ரெக்கார்டர் அளவில் ஏறக்குறைய உண்மை. இந்த வகை ரெக்கார்டர்கள் பொதுவாக ஒரே ஒலியை, அதை எண்களாக்கும் இரண்டு மாற்றிகளில், ஒன்று மெல்லிய ஒலிக்கும் ஒன்று பலத்த ஒலிக்குமாக வாங்கி இணைக்கின்றன, அதனால் கெயின் தவறினாலும் பிறகு மீட்க முடியும். ஆனால் மைக்குக்கென்று ஓர் எல்லை உண்டு. மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை எந்த ரெக்கார்டரும் மீட்காது. மைக்கின் சுய இரைச்சலும் இதனால் ஒரு துளிகூடக் குறையாது. இடி, பட்டாசு, ரயில் போன்றவற்றுக்கு நல்ல வசதி. ஓடைக்கு இது இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

நேர்ல கேட்டப்போ அவ்வளவு அழகா இருந்தது, பதிவுல வெறும் இரைச்சலா இருக்கே, ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். நேரில் கேட்கும்போது காது தனியாக வேலை செய்வதில்லை. ஒரு குயில் கூவினால் அதன் திசை, அது இருக்கும் மரம் எல்லாம் சேர்ந்து, மூளை அதை முன்னால் கொண்டுவந்து மற்றதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. கூட்டத்தில் ஒருவர் பேச்சை மட்டும் நம்மால் தொடர முடிகிறதே, அதே வித்தைதான். 1953-ல் காலின் செர்ரி இதைச் சோதனையில் ஆராய்ந்தார். மைக்குக்கு அந்த விருப்பு வெறுப்பு கிடையாது. குயிலும் தூரத்து மோட்டாரும் தன்னிடம் எந்த அளவில் வந்து சேர்கின்றனவோ அந்த அளவில் எழுதிவைக்கும்.

இதற்கு மருந்து ஹெட்போன். காதை முழுக்க மூடும் வகை ஒன்றைப் போட்டுக்கொண்டு மைக்கை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஓடைக்கரையில் இதை ஒரு முறை செய்தால் போதும், விளங்கிவிடும். நீர் விழும் இடத்துக்கு நேராக வைத்தால் எல்லாம் கலந்து ஒரே 'ஸ்ஸ்ஸ்'. இரண்டு அடி பக்கவாட்டில் தள்ளி, ஒரு கல்லுக்கு அடியில் நீர் நுழையும் இடத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் களக், களக் என்று தனித்தனிச் சொட்டாக, தாழ்ந்த குரலில் வேறு ஓர் ஓடை கேட்கும். இரண்டும் ஒரே நீர். கண்ணுக்கு அழகான இடம் மைக்குக்கு அழகாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அதனால் இடத்தைக் காதால் தேடுங்கள். கேட்கும் அளவை மட்டும் குறைவாக வையுங்கள், பக்கத்தில் ஏதாவது வெடித்தால் காதுக்குத்தான் ஆபத்து.

காத்து அடிச்சா பதிவு பூரா டமடமன்னு வருது. ஃபோம் போட்டும் நிக்கல.

முதலில் ஒன்று: அந்த 'டமடம' காற்றின் ஒலி இல்லை. மரத்தில் காற்று எழுப்பும் சலசலப்புதான் நீங்கள் கேட்க விரும்பும் ஒலி. மைக்கில் வருவது, காற்று மைக்கின் முகத்தில் நேராக மோதிச் சுழன்று அதன் மெல்லிய தகட்டைத் தள்ளுவதால் உண்டாகும் அதிர்வு. ஃபோம் வாய்க்காற்றுக்கும் அறைக்குள் நடப்பதற்கும் போதும். வெளியே ரோமம் வைத்த உறை வேண்டும், நீள நீளமான இழைகள் காற்றின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். அதற்குள் மைக்கைச் சுற்றிக் கொஞ்சம் அசையாத காற்று இருந்தால் இன்னும் நல்லது. கூண்டு வடிவ உறைகள் அதற்காகத்தான் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன.

உறை வாங்குவதற்கு முன்னாலேயே செய்யக்கூடியது இன்னும் பெரிது. தரைக்குப் பக்கத்தில் காற்று வேகம் குறைவு, அதனால் ட்ரைபாடைத் தாழ்த்துங்கள். பெரிய மரத்தண்டு, பாறை, சுவர், உங்கள் பை, எதற்காவது பின்னால் மைக்கை ஒதுக்குங்கள். அதிகாலையில் காற்று பொதுவாக அடங்கியிருக்கும், அந்த நேரத்துக்குப் போங்கள். ரெக்கார்டரில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ-கட் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸ் அளவில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் காற்று மைக்கையே திணறடித்துவிட்டால் ஃபில்டர் காப்பாற்றாது, கணினியில் எதுவும் காப்பாற்றாது. அந்த நாளை விட்டுவிட்டு இன்னொரு நாள் போவதுதான் வழி.

நான் மூச்சு விடுறது, சட்டை உரசுறது எல்லாம் பதிவாகுது. என்ன பண்ண?

கையில் பிடிக்காதீர்கள். ட்ரைபாடில் வையுங்கள், கேபிளை ட்ரைபாடின் காலில் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள், பட்டனை அழுத்திவிட்டுப் பத்து இருபது அடி தள்ளிப் போய் உட்காருங்கள். சரசரக்கும் மழைக்கோட்டு, சாவிக்கொத்து இரண்டும் வேண்டாம். திருட்டுப் பயம் இல்லாத இடமாக இருந்தால் ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு மணி நேரம் போய்விட்டு வருவது இன்னும் நல்லது. ஆள் நகர்ந்த பிறகுதான் பறவைகளும் தவளைகளும் பழையபடி ஆரம்பிக்கும்.

ஷாட்கன் மைக் வாங்கினா தூரத்துப் பறவையைக் கிட்ட கொண்டு வரலாமா?

முடியாது. அது பக்கவாட்டில் இருந்து வருவதைக் குறைக்கும், முன்னால் இருப்பதைப் பெரிதாக்காது. குறைப்பதும் கீச்சுக் குரல்களில்தான் நன்றாக நடக்கும், தாழ்ந்த உறுமல்கள் சுற்றி வந்து நுழைந்துவிடும். உண்மையிலேயே பெரிதாக்குவது பரவளைய வடிவத் தட்டு. அதற்கும் எல்லை உண்டு: 60 செமீ அகலத் தட்டு சுமார் 570 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாகக் குவிக்கும், ஏனென்றால் அதற்குக் கீழே ஒலி அலையின் நீளம் தட்டைவிடப் பெரிதாகிவிடுகிறது.

பக்கத்தில் போவதற்கு ஈடு எதுவும் இல்லை. தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். 8 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு மைக்கை நகர்த்தினால் 12 டெசிபல், அதுவும் கூடுதல் இரைச்சல் இல்லாமல். பறவை நாள்தோறும் வந்து உட்காரும் கிளை எது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அது வருவதற்கு முன்பே மைக்கை அங்கே வைத்துவிட்டு நீண்ட கேபிளோடு தள்ளி உட்காருங்கள். இதுவரை தெரிந்த மிகப் பழைய பறவைப் பதிவு 1889-ல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற சிறுவன் எடிசன் ஃபோனோகிராஃபில் எடுத்தது, அவன் வளர்த்த கூண்டுப் பறவை. கருவிகள் எங்கேயோ போய்விட்டன, பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

ராத்திரி எல்லாம் அடங்கின பிறகும் தூரத்து நெடுஞ்சாலை தெளிவா கேட்குதே?

காற்றில்லாத தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும், மேலே இருக்கும் காற்று அதைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போவதால் மேலே கிளம்பிய ஒலி வளைந்து மறுபடி தரைக்கே இறங்குகிறது. பகலில் மேலே தப்பிப் போய்விடும் அதே நெடுஞ்சாலை ஒலி இரவில் பல கிலோமீட்டர் தாண்டி வந்து சேர்வது இப்படித்தான்.

சாலைக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மேடோ சரிவோ வருகிற மாதிரி நின்றால் கொஞ்சம் குறையும். காற்று சாலையிலிருந்து உங்கள் பக்கம் வீசாத நாளாகப் பாருங்கள். ஒரு ஓடைக்குப் பக்கத்தில் நின்றால் நீரொலி அந்த உறுமலை மூடிவிடும், பதிவில் ஓடை இருந்தால் பரவாயில்லை என்றால் இதுதான் எளிய வழி.

ஒரு தடவை எவ்வளவு நேரம் ஓட விடணும்?

குறைந்தது ஐந்து நிமிடம், முடிந்தால் அரை மணி. முதல் ஒன்றிரண்டு நிமிடம் நீங்கள் வந்த கலவரம் அடங்கவே போய்விடும், நடுவில் ஒரு விமானமோ வண்டியோ போகும், மிச்சத்தில்தான் உங்களுக்கு வேண்டிய இரண்டு நிமிடம் இருக்கும். பதிவின் கடைசியில் இடம், தேதி, நேரம், வானிலை, மைக் எங்கே பார்த்து இருக்கிறது என்பதை வாயால் சொல்லிவிடுங்கள். முதலில் சொன்னால் பறவை பறந்துவிடும்.

ஸ்டீரியோவுக்கு ரெண்டு மைக்கை எப்படி வைக்கிறது?

முறைகள் ஏராளம், தொடக்கத்தில் இரண்டு போதும். திசை உணர்த்தும் கார்டியாய்ட் மைக்குகள் என்றால் 17 செமீ இடைவெளி, 110 பாகை விரிவு. பிரெஞ்சு வானொலியில் உருவான இந்த முறைக்கு ஓஆர்டிஎஃப் என்று பெயர், ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் இயல்பாகக் கேட்கும். எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி மைக்குகள் என்றால் ஒரு மரத்தண்டின் இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் கட்டிவிடுங்கள். தண்டு நடுவில் தடுப்பாக நின்று இடம் வலத்தைப் பிரித்துத் தரும், காற்றிலும் பாதியை மறைக்கும்.

மைக்குகளை மீட்டர் கணக்கில் அகட்டி வைத்தால் பரந்து கேட்கும், ஆனால் நடுவில் ஓட்டை விழும், மோனோவில் (இரண்டையும் ஒன்றாகக் கலந்து) கேட்டால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்து ஒலி குழாய்க்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். எடிட் செய்யும்போது ஒரு முறை மோனோவில் போட்டுப் பாருங்கள்.

மழையைப் பதிவு பண்ணா வெறும் 'உஸ்'னு வருது.

மழை தனியாக ஒலிப்பதில்லை, அது விழும் பரப்புதான் ஒலிக்கிறது. அகன்ற இலை, தகரம், தேங்கிய நீர், பிளாஸ்டிக் வாளி என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பக்கத்தில் வையுங்கள். மழை விட்ட பிறகு சொட்டும் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், பல நேரம் அதுதான் அன்றைய நல்ல பதிவு. துளிகள் நேராக மைக் உறையில் விழுந்தால் தட் தட் என்று வேறு எதுவும் கேட்காது, கூரை விளிம்புக்கு உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் மேலே தடித்த நார் விரிப்பு ஒன்றைப் பிடியுங்கள். கன்டென்சர் மைக்குகள் ஈரம் ஏறினால் பதிவில் படபடவென்று சத்தம் வரும். வீட்டுக்கு வந்ததும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் உலர வையுங்கள்.

எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர்? முதல்ல என்ன செய்யணும்?

இலவசமாக வேண்டும் என்றால் ஆடாசிட்டி. பல ட்ராக்குகளை அடுக்கி வேலை செய்ய வேண்டும் என்றால் ரீப்பர், 60 நாள் முழுசாகப் போட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் மூல ஃபைலைத் தொடாதீர்கள், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

முதல் வேலை கேட்பது. முழுப் பதிவையும் ஒரு முறை கேட்டு, பிடித்த இடங்களில் குறி போடுங்கள். பிறகு ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாறுங்கள். குறுக்கே நேரம், மேல்நோக்கி அலைவரிசை, நிறத்தில் பலம் என்று காட்டும் படம் அது. பறவைக் குரல் வளைகோடாகவும், பூச்சி பட்டையாகவும், வண்டி அடியில் புகைமூட்டமாகவும் தெரியும். எதை வெட்டலாம், எதை வெட்டினால் கூடவே வேண்டியதும் போகும் என்பது இதில் கண்ணால் தெரிந்துவிடும். அப்புறம் வெட்டு, ஃபேட் (ஒலியை மெதுவாக ஏற்றுவது அல்லது இறக்குவது), தேவைப்பட்டால் அடியில் ஒரு லோ-கட், கடைசியில் அளவு. இதற்கு மேல் செய்ய வேண்டியிருந்தால் பெரும்பாலும் வேறு பதிவு எடுப்பதே சுலபம்.

'உஸ்' இரைச்சலை நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு எடுத்தா தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஆகிடுதே?

இந்தக் கருவி இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு துண்டைக் கேட்டு, அதன் அளவை ஒவ்வொரு அலைவரிசையிலும் கணக்கெடுத்து, அதற்குக் கீழே இருப்பதை எல்லாம் அமுக்குகிறது. பேச்சில் இது நன்றாக நடக்கும், பேச்சும் இரைச்சலும் வேறு வேறு வடிவம். சூழல் ஒலியில் இலைச் சலசலப்பு, மழை, தூரத்து அலை எல்லாமே இரைச்சலின் வடிவத்தில்தான் இருக்கின்றன. கருவிக்கு எது மைக்கின் 'உஸ்', எது இலையின் 'உஸ்' என்று பிரிக்கத் தெரியாது. அங்கங்கே தப்பி நிற்கும் துணுக்குகள்தான் உங்களுக்குத் தண்ணீர்க் குமிழி மாதிரி கேட்பவை.

கட்டாயம் போட வேண்டும் என்றால் 5, 6 டெசிபல் குறைத்தால் போதும், 20 குறைக்க ஆசைப்படாதீர்கள். அதற்கு முன் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஈக்யூவில் (அலைவரிசை வாரியாக அளவை ஏற்றி இறக்கும் கருவி) மெதுவாகக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும். பூச்சிகள் அங்கேதான் பாடுகின்றன என்றால் அதையும் செய்யாதீர்கள். மைக் தானாக எவ்வளவு இரைகிறது என்று தெரிந்துகொள்ள, அதைப் போர்வைகளுக்குள் பொதிந்து அலமாரியில் மூடி ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். அந்த ஒலி காதில் பதிந்துவிட்டால் எந்த இடத்துக்கு அந்த மைக் ஆகாது என்பது போகும் முன்பே தெரியும்.

நடுவுல விமானம் போச்சு, நாய் குரைச்சது, கரண்ட் ஹம் வருது. இதையெல்லாம் எடுக்கலாமா?

ஹம் எடுக்கலாம். அது உங்கள் நாட்டு மின்சாரத்தைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கோடு போட்டது போல நிற்கும், மிகக் குறுகிய வெட்டுகளாக அந்தக் கோடுகளை மட்டும் நீக்கலாம். நாய் ஒன்றிரண்டு முறை குரைத்தால் அந்த நொடிகளை வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் சேர்த்துவிடலாம். விமானம் போனால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், அது ஒன்றிரண்டு நிமிடத்துக்குக் கீழ்ப்பகுதி முழுக்கப் பரவியிருக்கும். நீளமாகப் பதிவு செய்யச் சொன்னது இதற்காகவும்தான்.

லோ-கட் போடும்போது கை நிதானமாக இருக்கட்டும். பெரும்பாலான சின்னப் பறவைகள் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பாடும், ஆனால் புறாவும் ஆந்தையும் அதற்கு எவ்வளவோ கீழே கூவும். ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்த்து, மிகத் தாழ்ந்த குரல் எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழே வெட்டுங்கள்.

வெட்டி ஒட்டின இடம் தெரியாம இருக்க என்ன செய்யணும்?

நேராக ஒட்டினால் டிக் என்று கேட்கும், ஒன்று இறங்க இறங்க இன்னொன்று ஏறும்படி க்ராஸ்ஃபேட் போடுங்கள். பேச்சுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும், சூழல் ஒலிக்கு இரண்டிலிருந்து ஐந்து நொடி, அலையோ காற்றோ என்றால் அதற்கும் மேல். ஒட்டும் இரண்டு பக்கமும் பின்னணி அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், பூச்சி ஒலி சட்டென்று மாறினால் காது கண்டுபிடித்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் சில நொடி ஃபேட் இருக்கட்டும்.

முடிவே தெரியாம ஓடுற லூப் எப்படிப் பண்றது?

பதிவை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னாலும் முன்பாதியைப் பின்னாலும் வைத்து, இப்போது நடுவில் வந்திருக்கும் இணைப்பில் நீண்ட க்ராஸ்ஃபேட் போடுங்கள். புதுத் தொடக்கமும் புது முடிவும் முன்பு ஒட்டியே இருந்த இரண்டு புள்ளிகள், அதனால் சுற்றி வரும்போது இணைப்பு தெரியாது. தனித்துத் தெரியும் ஒலி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது: ஒரே காகம் ஒரே மாதிரி மூன்று முறை கரைந்தால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஒரு நிமிடத்துக்குக் குறைவான லூப் சீக்கிரம் சலிக்கும்.

சத்தத்தை எந்த அளவுக்கு ஏத்தலாம்? எல்லாரும் எல்யூஎஃப்எஸ்னு பேசுறாங்களே.

எல்யூஎஃப்எஸ் என்பது காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு. ஐரோப்பிய ஒளிபரப்பு விதி மைனஸ் 23 என்று சொல்கிறது, அது நிகழ்ச்சி முழுவதற்குமான கணக்கு. இரவுக் காட்டுப் பதிவை அந்த எண்ணுக்கு ஏற்றினால் காடு கத்துகிற மாதிரி ஆகிவிடும். தனியாகக் கேட்க வைக்கும் பதிவுக்கு, நேரில் இருந்த அளவை நினைவில் வைத்து, மெல்லியதை மெல்லியதாக விடுங்கள். உச்சம் மட்டும் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். பலத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஸர் வேண்டாம் என்பேன். கிட்டத்து ஒலிக்கும் தூரத்து ஒலிக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் இடம் என்ற உணர்வே இருக்கிறது, கம்ப்ரஸர் முதலில் கை வைப்பது அதில்தான்.

எம்பி3-யா சேமிச்சா இடம் மிச்சமாகுமே?

அனுப்பிக் காட்ட எம்பி3 சரி, மூலத்தை வேவிலேயே வையுங்கள். இடம் குறைய வேண்டும் என்றால் ஃப்ளாக், அதில் எதுவும் இழப்பதில்லை. மழையும் அலையும் எம்பி3-க்கு ரொம்பக் கடினமான ஒலிகள், நொடிக்கான பிட் அளவைக் குறைத்தால் சுழன்று சுழன்று கேட்கும். ஃபைல் பெயரில் தேதி, இடம், ஒலி மூன்றும் இருக்கட்டும், இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் நகல், ஒன்று வீட்டுக்கு வெளியே.

மத்தவங்க பேச்சு பதிவாகிட்டா? பறவையை வரவழைக்க அதோட குரலையே போட்டுக் காட்டலாமா?

யார் என்ன பேசுகிறார்கள் என்று தெளிவாகக் கேட்டால் அந்தப் பகுதியை வெளியிடாதீர்கள், அல்லது அவர்களிடம் கேட்டுவிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் சட்டம் அனுமதித்தாலும் ஒருவர் தெரியாமல் பேசியதைப் பொதுவில் போடுவது சரியில்லை. சொல் புரியாத கூட்ட இரைச்சலில் இந்தப் பிரச்சினை குறைவு.

குரல் போட்டு வரவழைப்பது வேண்டாம். தன் இடத்துக்குப் போட்டியாள் வந்துவிட்டது என்று அந்தப் பறவை கூட்டையும் இரையையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். கூடு கட்டும் காலத்தில் இது இன்னும் கெடுதல். அரிய பறவையின் கூடு இருக்கும் துல்லியமான இடத்தையும் பதிவோடு சேர்த்து எழுதாதீர்கள்.

ரெண்டு நாள் எடுத்த ஒலிகளைச் சேர்த்து ஒரே பதிவா வெளியிட்டா அது ஏமாத்துறது ஆகாதா?

எப்படிச் சொல்லி வெளியிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு நாடகத்துக்கோ வீடியோவுக்கோ பின்னணி என்றால் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போடுங்கள், அங்கே யாரும் ஆவணமாக அதைக் கேட்பதில்லை. ஒரு காலை நேரத்தை அரை மணி நேரப் படைப்பாகச் சுருக்கினாலும் தப்பில்லை, குறிப்பில் 'மூன்று மணி நேரப் பதிவிலிருந்து தொகுத்தது' என்று ஒரு வரி போதும். 'இந்த இடம், இந்தத் தேதி, இந்த நேரம்' என்று தலைப்பிட்டுவிட்டு வேறு நாள் பறவையை உள்ளே வைப்பது மட்டும் கூடாது. அந்தப் பறவை அங்கே அன்று இருந்தது என்று யாராவது நம்பி எழுதிவைப்பார்கள்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகம், ஜெனோ-காண்டோ போன்ற ஒலிக் களஞ்சியங்களுக்கு அனுப்பும் பதிவு இதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும், அவற்றை ஆய்வாளர்கள் அளந்து பார்க்கிறார்கள். முன்னும் பின்னும் தேவையில்லாததை வெட்டலாம், மொத்த அளவை ஏற்றலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குரைத்த நாயும் அதில் அப்படியே இருக்கட்டும். பதிவு செய்யும்போதே ரெக்கார்டரில் லோ-கட் போட்டிருந்தால் எத்தனை ஹெர்ட்ஸில் என்பதைக் குறிப்பில் சேர்த்து அனுப்புங்கள்.